இருபத்தைந்தாவது கட்டம்

நவம்பர் 4, சனி

பத்தரைக்கு வருவதாகச் சொன்னவர் பதினொன்றுக்கு வந்தார். பெயர் இளஞ்செழியன். வங்கி மேலாளர், பொன்மலை விடியல் ஓட்டக் கழகத்தின் செயலாளர். ஓடும் காலணியோடு கூடத்துக்குள் வரப் பார்த்தார். வாசலிலேயே கழற்றச் சொன்னேன்.

என் கணவர் சவரிநாதன் இறந்து ஏழு மாதமாகிறது. அவர் பெயரில் டிசம்பர் 17 அன்று பத்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்தப் போகிறார்களாம். விழா மலருக்கு அவருடைய ஓட்ட வாழ்க்கையைப் பற்றி நான் நான்கு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

"முக்கியமா எழுபத்தொண்ணு மதுரை, மேடம். அதுல ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்துதான சார் ரயில்வேல சேர்ந்தாரு? அந்த ரேஸ்ல ரவுண்டு எண்ணின அஃபிஷியலே நீங்கதானாமே! அவரு ஓட, நீங்க எண்ண... சினிமா மாதிரி இருக்கு மேடம்."

"நான் சினிமா பாக்கறதில்ல" என்றேன்.

நவம்பர் 30 கடைசி நாள். சம்மதித்தேன். மறுத்தால் ஏன் என்று கேட்பார்.

நவம்பர் 6, திங்கள்

குளிருக்கு மாவு புளிக்கவில்லை. வீட்டு வேலைக்கு வரும் செங்கமலம் அதையே இட்லியாக ஊற்றி வைத்துவிட்டாள். சாப்பிட்டேன். சமையலில் கண்டிப்பு காட்டும் காலம் போய்விட்டது.

கட்டுரையைத் தொடங்கினேன். "பத்தாயிரம் மீட்டர் என்பது நானூறு மீட்டர் தடத்தில் இருபத்தைந்து சுற்றுகள். ஓடுகிறவருக்கு மூச்சு முட்டும்போது எண்ணிக்கை தவறிவிடும். அதனால் ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் எண்ணுவதற்கென்று ஒருவர் கோட்டருகே உட்கார்ந்திருப்பார். அவர் கையிலிருக்கும் தாளில் இருபத்தைந்து கட்டங்கள். தம்முடைய ஆள் கோட்டைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கட்டத்தில் குறி போடுவார்." அந்த வேலைக்குக் கணக்கு ஆசிரியைகளை அழைப்பது வழக்கம். எங்கள் கான்வென்டிலிருந்து மதர் சுப்பீரியர் என்னைத்தான் அனுப்பினார். "ஜசிந்தா எண்ணினால் திருப்பி எண்ண வேண்டியதில்லை" என்பார்.

யாரோ விடியற்காலையில் மைதானத்தில் ஓடுகிறார்கள். எங்கள் பின்சுவருக்கு அப்பால்தான் ரயில்வே காலனி மைதானம். ஐந்து பத்துக்குத் தொடங்குகிறது. இடது கால் சற்றுக் கனமாக விழுகிறது.

நவம்பர் 7, செவ்வாய்

இன்றும். பதினெட்டு வரை எண்ணினேன். பால்காரர் மணியடித்ததில் விட்டுப்போயிற்று.

நவம்பர் 9, வியாழன்

முழுதும் எண்ணினேன். இருபத்து நான்கு சுற்று. அத்தோடு நின்றுவிட்டது. யாருடைய பயிற்சி முறை என்று தெரியவில்லை. ஒன்பதாயிரத்து அறுநூறு மீட்டர் என்று ஒரு தூரம் எந்தப் போட்டியிலும் கிடையாது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. நான்கு மணியிலிருந்தே வெடிச் சத்தம். வேறு எதுவும் காதில் விழவில்லை. நன்றாக இருந்தது.

நவம்பர் 15, புதன்

இன்று கட்டுரையில் நிறைய எழுதினேன். சுருக்கத்தை இங்கேயும் குறித்து வைக்கிறேன்.

1971 ஜூனில் ரயில்வே வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்த வருடம் நெடுந்தூர ஓட்டத்துக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. மாநிலத்தில் முதலிடம் பெறுபவருக்கு அது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அரை நாள் அலுவலகம், அரை நாள் பயிற்சி. வாரத்துக்கு நூற்றி நாற்பது கிலோமீட்டர் ஓடுவார். ஓடுவதற்குத்தான் சம்பளம் என்பதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. காய்ச்சலில் படுத்தால் "இன்னைக்கு லீவு லெட்டர் எழுதணும் ஜசி" என்பார், ஓட முடியாததற்கு. கால் கட்டைவிரல் நகங்கள் இரண்டும் எப்போதும் கருத்தே இருக்கும். ஊறவைத்த நிலக்கடலையும் நான்கு முட்டையும் காலை ஆறரைக்கு மேசையில் இருக்க வேண்டும். ஒரு நாளும் நான் தவறவிட்டதில்லை.

1974இல் அகில இந்தியப் போட்டியில் மூன்றாமிடம். முப்பது நிமிடம் இருபத்தொரு விநாடி. அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. 1976இல் மாரத்தானில் நான்காமிடம். 1979இல் வலது முழங்கால் போயிற்று. அதன்பின் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதகர். ரயில் பெட்டிக்குள் நடப்பதையே அவர் அவமானமாக நினைத்தார் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு பழக்கத்தையும் எழுதினேன். பயிற்சி முடிந்து மற்றவர்கள் காலணி கழற்றும்போது அவர் மட்டும் இன்னொரு சுற்று ஓடுவார். வேகமாக அல்ல. யாரோடும் பேசாமல், தனியாக. கூட ஓடியவர்கள் அதற்குச் "சவரி சுத்து" என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். முழங்கால் போனபின் அந்த ஒரு சுற்றை நடந்தார். போன மார்ச்சில் ஊன்றுகோலோடு நடந்தபோது அதற்குப் பதினொரு நிமிடம் பிடித்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுரையில் இதற்கு "ஒழுக்கம்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 17, வெள்ளி

மதுரைப் பந்தயத்துக்கு வந்துவிட்டேன். "பந்தயத்தின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. தாள்கள் நனைந்தன. அந்தக் குழப்பத்திலும் சவரிநாதன் முதலில் நாடாவைத் தொட்டார்."

நல்ல வாக்கியங்கள்தான். மாலையில் மறுபடியும் படித்தேன். அப்படியே விட்டுவிட்டேன்.

நவம்பர் 18, சனி

இளஞ்செழியன் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி.

"மேடம், ஒரு சர்ப்ரைஸ். அன்னைக்கு ரெண்டாவது வந்த ஒச்சப்பன் உயிரோட இருக்காரு! உசிலம்பட்டில ஒரு கல்யாண மண்டபத்துல வாட்ச்மேன். விழாவுக்குக் கூப்பிட்டிருக்கோம். உங்க கையாலயே அவருக்குப் பொன்னாடை போடறீங்க."

"நல்லது" என்றேன்.

சோற்றுக்கு இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். செங்கமலம் வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். குளிருக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கும் என்றேன்.

நவம்பர் 19, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்கவில்லை. வயிறு சரியில்லை.

நவம்பர் 22, புதன்

மழை என்று எழுதியதை அடித்துவிட்டேன். பந்தயம் நடந்தது பிப்ரவரியில். பிப்ரவரியில் மதுரையில் ஏது மழை? வெயிலில் கண் கூசியது. தலையில் துண்டு போட்டுக்கொண்டு எண்ணினோம்.

நடந்தது இது. இருபத்திரண்டு பேர் ஓடினார்கள். என் ஆள் முப்பத்தொன்றாம் எண், சவரிநாதன். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஒச்சப்பன் தொடக்கத்திலிருந்தே தனியாக முன்னால் போனான். கடைசிக் கட்டத்தில் இருவரும் தோளோடு தோள் ஓடிவந்தார்கள். கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது. கடைசி நூறு மீட்டரில் முப்பத்தொன்று பாய்ந்து போய் நாடாவை அறுத்தார். ஒச்சப்பன் இரண்டாவதாக வந்தான். தான்தான் முதல் என்று கத்தினான். நடுவர் ஒவ்வொரு தாளாக வாங்கிப் பார்த்தார். என் தாளில் இருபத்து நான்கு குறிகள்தான் இருந்தன. இருவரும் சேர்ந்தே வந்ததால், ஏதோ ஒரு சுற்றில் நான் குறி போட விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். நடுவர் என் மேசைக்கு வருவதற்குள் இருபத்தைந்தாவது கட்டத்தை நிரப்பினேன். "நிச்சயம்தானே டீச்சர்?" என்று கேட்டார். "நான் எண்ணினால் திருப்பி எண்ண வேண்டியதில்லை" என்றேன்.

தவறு எல்லோருக்கும் நேரும். எனக்கு அது ஒரு முறை நேர்ந்தது.

நவம்பர் 24, வெள்ளி

செங்கமலத்திடம் கேட்டேன், விடிகாலையில் மைதானத்தில் ஓடுவது யார் என்று.

"மைதானத்துலயா? அங்க எங்கம்மா ஓடுறது! புதுசாத் தடம் போடறோம்னு தோண்டிப் போட்டு ஒரு மாசமாச்சு. கேட்டுக்குப் பூட்டு. ஆடுகூட உள்ள போவாது."

பின்கதவைத் திறந்து, ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன். எழுபத்தாறு வயதில் செய்யக்கூடாத காரியம். முழுதும் பள்ளமும் ஜல்லிக் குவியலும். நேற்றைய மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. ஒரு காலடி கூட இல்லை.

"ஐயாதான்" என்றாள் செங்கமலம், கீழிருந்து ஸ்டூலைப் பிடித்தபடி. "எங்க மாமனாரும் செத்து ஆறு மாசம் இருமிக்கிட்டே கெடந்தாரு."

இப்படிப் பேசக்கூடாது என்று கண்டித்தேன். கிறிஸ்தவ வீட்டில் இதற்கெல்லாம் இடமில்லை.

நவம்பர் 25, சனி

இருபத்து நான்கு.

நவம்பர் 29, புதன்

நாளை கட்டுரை கொடுக்க வேண்டும். இருபத்திரண்டாம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன்.

எண்ணுகிறவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தம் ஆளை முன்னால் ஓடுபவன் ஒரு சுற்றுக் கூடுதலாக ஓடிப் பின்னாலிருந்து கடந்துபோனால், அந்தக் கட்டத்தைச் சுற்றி ஒரு சிறு வட்டம் போட வேண்டும். என் தாளில் பதினாறாவது கட்டத்தைச் சுற்றி வட்டம் இருந்தது. நான் போட்டது. முப்பத்தொன்றாம் எண்ணை ஒச்சப்பன் கடந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் முப்பத்தொன்று அவனோடு ஒட்டிக்கொண்டு ஓடினார். தோளோடு தோள் வந்தாலும் அவர் ஒரு சுற்றுப் பின்தங்கியவர். கடைசியில் அவர் முந்தியபோது ஒச்சப்பன் தடுக்கவே இல்லை. ஏன் தடுக்க வேண்டும்? ஒரு சுற்றுப் பின்னால் இருப்பவன் போனால் போகட்டும் என்று விட்டான்.

நடுவர் என் மேசைக்கு வந்தபோது அந்த வட்டம் என் கண்ணெதிரே இருந்தது. அவர் குறிகளை மட்டும் எண்ணினார். ஆனால் அதற்கு முன்பே, முப்பத்தொன்று நாடாவைத் தொட்டதும், பக்கத்து மேசைக்காரர் "உங்க ஆள்தான் டீச்சர் ஃபர்ஸ்ட்டு!" என்று கத்திவிட்டார். கூட்டம் உள்ளே ஓடிவந்துவிட்டது. என் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. நான் கவனம் பிசகி எண்ணினேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. நான் சரியாக எண்ணியிருந்தேன். சரியாக எண்ணியவள் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தவறாகக் குறி போட்டேன்.

இன்னொன்று. நாடாவைத் தாண்டியும் அவர் நிற்கவில்லை. பதினைந்தடி, இருபதடி ஓடிக்கொண்டே இருந்தார். இன்னும் ஒரு சுற்று இருக்கிறதே, அவருக்குத் தெரியாதா? கூட்டம் பிடித்துத் தூக்கிவிட்டது. தோள்மேல் இருந்தபடி காலை உதறிக்கொண்டு என் மேசையைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

வேலையில் சேர்ந்த மாதம் எங்கள் பள்ளிக்கு வந்தார். அலுவலக வாசலில் நின்று, "டீச்சர், அந்த ரேஸ் பத்தி ஒண்ணு..." என்று தொடங்கினார். "வாழ்த்துகள். இருபத்தஞ்சு சுற்றும் நல்லா ஓடினீங்க" என்றேன். வாயை மூடிக்கொண்டார். அடுத்த தை மாதம் பங்குச் சாமியார் வழியாகப் பெண் கேட்டு வந்தார்கள். ஒரே விஷயத்தைத் தெரிந்த இரண்டு பேர் ஒரே வீட்டில் இருப்பதுதான் பத்திரம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. ஐம்பத்தோரு வருடம் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

ஏப்ரலில் மருத்துவமனையில், ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டுக் கேட்டார். "ஜசி, எத்தனை சுத்து?"

"இருபத்தஞ்சு" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று மாலை இறந்தார்.

டிசம்பர் 1, வெள்ளி

மதுரை இல்லாமல் கட்டுரையைக் கொடுத்தேன். இளஞ்செழியன் முகம் சுருங்கியது. "மெயின் மேட்டரே இல்லையே மேடம்." மேடையில் பேசுவதாகச் சொன்னேன். ஒச்சப்பனின் முகவரியை வாங்கிக்கொண்டேன். மேடையில் சொல்வதற்கு முன் அவரிடம் சொல்ல வேண்டும். முறை அதுதான்.

டிசம்பர் 9, சனி

வாடகைக் காரில் உசிலம்பட்டி. நான்கு மணி நேரம் பிடித்தது. மண்டபத்தில் காதணி விழா. ஒலிபெருக்கிச் சத்தத்தில் காது அடைத்தது. காக்கிச் சட்டையில், ஒடிசலாக, முதுகு நிமிர்ந்த ஒரு கிழவர் வாசலில் வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாதத்தின் முன்பக்கம்தான் முதலில் ஊன்றுகிறது.

நான் யார் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அடடே, டீச்சரம்மா! சவரி அண்ணன் சம்சாரமா? அண்ணன் போயிட்டாருன்னு பேப்பர்ல பாத்தேன். வாங்க, மொதல்ல கை நனைங்க. கறி திம்பீகள்ல?"

"பேசணும்."

"எலையில உக்காந்தவுகட்டதான் பேசுவோம். வெறும் வயித்தோட பேசுனா கோவந்தான் வரும்."

பந்தியில் உட்காரவைத்து அவரே முன்னால் நின்றார். பரிமாறுகிறவன், "என்ன பெருசு, ஒறவா?" என்றான். "எங்க அண்ணிடா. ஈரல எடுத்து வையி" என்றார்.

அண்ணி என்றார். 

சாப்பாட்டுக் கூடத்தின் பின்பக்கம், இலைக்கட்டுகள் அடுக்கியிருந்த இடத்தில் இரண்டு நாற்காலி போட்டார். அவரே பேசினார். என் கணவர் எண்பத்தெட்டில் ஒரு முறை வந்தாராம். காபி வாங்கிக் கொடுத்தாராம். ஒரு மணி நேரம் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "நீ நல்லா ஓடுன ஒச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். அதிலிருந்து வருடா வருடம் பொங்கலுக்கு ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ பார்சலில் வருமாம்.

"எட்டாம் நம்பரு. அளவு எப்படித் தெரியும்னு தெரியல. வாட்ச்மேனுக்கு எதுக்கு ஷூ? ஓட்டத்த எழுபத்தொண்ணுலயே விட்டுட்டேன். ஆனா ஒண்ணக்கூட யாருக்கும் குடுக்கல. முப்பத்தஞ்சு ஜோடி பரண்ல கெடக்கு."

எனக்கு இது தெரியாது. என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு பார்சல் போயிருக்கிறது, முப்பத்தைந்து முறை.

பிறகு நான் சொன்னேன். குறி, வட்டம், எல்லாம். வரிசையாகச் சொன்னேன். கேட்கும்போது அவர் ஓர் இலைக்கட்டின் நாரைப் பிரித்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் நாரைக் கீழே போட்டார்.

"டீச்சரம்மா, அன்னைக்குச் சாயங்காலம் நான் உங்கட்ட வந்தேனே. ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"எங்க கோச்சு பளார்னு ஒண்ணு விட்டாரு. பொம்பளப் புள்ளையப் பாத்துப் பொய்யிங்கிறியா, போய் மன்னிப்புக் கேளுடான்னாரு. நீங்க பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தீக. நாந்தான் தப்பா எண்ணிட்டேன், மன்னிச்சிருங்க டீச்சர்னேன். நீங்க என்ன சொன்னீக?"

"பரவாயில்லைன்னு சொன்னேன்."

"'பரவாயில்ல, இனிமே கவனமா எண்ணு'ன்னீக."

சொன்னேன். அதுவும் சொன்னேன். இருபத்தொன்பதாம் தேதி இந்த நாட்குறிப்பில் எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக நினைத்தேன். இப்போது திருப்பிப் பார்க்கிறேன், இது அதில் இல்லை.

"ரெண்டு மூணு வருசம் நான் நம்பல. நாந்தான் ஜெயிச்சேன்னு ஊருல பேசிக்கிட்டுத் திரிஞ்சேன். சிரிச்சாங்க. அப்புறம் நெனச்சேன், படிச்ச டீச்சர் எண்ணுனது தப்பாவா போகும்? ஓடுற கிறுக்குல நாந்தான் ஒண்ணு கூட்டி எண்ணிருப்பேன்னு. அப்படி நெனச்ச பொறகுதான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. எங்க அய்யாட்ட சொன்னேன், பொண்டாட்டிட்ட சொன்னேன், நான் தோத்தவந்தான்னு. இன்னைக்கும் பந்திக்கு எத்தன எலைன்னு கேட்டா நான் எண்ணிட்டு, டேய் நீயும் ஒருக்கா எண்ணுடாம்பேன். எனக்கு எண்ண வராதுங்கறது என் கணக்கு."

குரல் உயரவே இல்லை.

"இப்ப வந்து நீ ஜெயிச்சவங்கிறீக. எழுபத்திமூணு வயசுல இத வச்சு நான் என்ன செய்ய? நீங்க எறக்கி வச்சிட்டீக. நான் எங்க போயி எறக்கட்டும்?"

 மேடையில் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்றேன்.

"சொல்லுங்க, சொல்லாம இருங்க. நான் வரல."

காரின் கதவைத் திறந்துவிட்டார். அது அவருடைய வேலை. எல்லா விருந்தினருக்கும் திறப்பதுபோல் எனக்கும் திறந்தார்.

டிசம்பர் 10, ஞாயிறு

எழுந்தபோது மணி ஏழு. எதுவும் கேட்கவில்லை, அலுப்பில் தூங்கியிருப்பேன். பூசைக்குப் போகவில்லை.

டிசம்பர் 11, திங்கள்

மேடையில் படிக்கப்போவதை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். பேருந்து நிறுத்தத்தில் நான் சொன்ன வாக்கியத்தையும் சேர்த்தேன். ஒரு நகல் எடுத்து ஒச்சப்பனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிழை இருந்தால் திருத்தித் தரும்படி கேட்டிருக்கிறேன். பக்கங்களை மூன்று முறை சரிபார்த்தேன். 

டிசம்பர் 13, புதன்

காலையில் கேட்டது. எண்ணவில்லை.

மாலையில் இளஞ்செழியனை வரச்சொல்லித் தாளைக் கொடுத்தேன். படித்து முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

"மேடம், அறுநூறு டி-ஷர்ட் அடிச்சாச்சு. நெஞ்சுல சார் பேரு. கலெக்டர் வர்றாரு. இத அங்க படிச்சா..."

"அதுக்காக எழுதினதுதான்."

"யாரும் கேக்கலையே மேடம்! அம்பது வருஷம் ஆச்சு. செத்துப்போன மனுஷன நீங்களே காட்டிக் குடுக்கலாமா?"

"அவர் தினமும் இந்த மைதானத்துல எல்லார் முன்னாலயும் அந்த ஒரு சுத்து ஓடினார். நீங்க எல்லாம் அதுக்குப் பேர் வச்சீங்க. ஏன்னு யாராவது கேட்டீங்களா?"

அவர் அழுவதுபோல் ஆகிவிட்டார். நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்தேன். என்னைப் பேசவிடாவிட்டால் பத்திரிகைக்கு எழுதுவேன் என்றும் சொன்னேன். பயமுறுத்தியதற்கு வருத்தமில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

ஓட்டம் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடிந்தது. சமுதாயக் கூடத்தில் விழா. அறுநூறு பேர் வேர்வையோடு, நெஞ்சில் என் கணவரின் பெயரோடு உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து படித்தேன். நிறுத்தாமல், ஏற்ற இறக்கமில்லாமல் படித்தேன். கண்ணீர் விடவில்லை. கடைசி வரி: "1971ஆம் ஆண்டு மாநிலப் போட்டியில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் முதலில் வந்தவர் உசிலம்பட்டி ஒச்சப்பன். அதை அன்றே அறிந்தும் மறைத்தவள் நான். அதை அறிந்தும் வாய் திறக்காமல் இருந்தவர் என் கணவர்."

தாளை மடித்தேன். பிறகு கைதட்டினார்கள்.

ஒருவர் எழுந்தார், பத்துப் பேர் எழுந்தார்கள், அரங்கமே எழுந்து நின்று தட்டியது. கலெக்டரும் தட்டினார். ஓர் இளம்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இளஞ்செழியன் மைக்கைப் பிடித்து, "இந்த வயசுல எவ்வளவு பெரிய மனசு! மேடம், நீங்கதான் இன்னைக்கு ஜெயிச்சவங்க!" என்றார். எனக்கு உடம்பு கூசியது. வசைக்குத் தயாராகப் போனவள் நான். இதற்குத் தயாராக இருக்கவில்லை. நிறுத்துங்கள் என்று சொன்னேன். அதையும் பணிவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அப்போதுதான் பின்வரிசையில் காக்கிச் சட்டையைப் பார்த்தேன். வந்திருக்கிறார். கையில் என் பதிவுத் தபால் உறை. அவர் தட்டவில்லை. யாரோ அடையாளம் கண்டு, "ஐயா இங்க இருக்காரு!" என்று கூவி, கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார்கள். பொன்னாடையை என் கையில் திணித்தார்கள். அவர் அதை வாங்கவில்லை. மைக்கின் முன் போய் நின்றார். அது அவர் உயரத்துக்கு எட்டவில்லை. குனிந்துதான் பேச வேண்டியிருந்தது. குனியவில்லை. குரலை உயர்த்தினார்.

"டீச்சரம்மா சொன்னதெல்லாம் நெசம். எழுதுனத ரெண்டு தடவ படிச்சுப் பாத்தேன், ஒரு தப்பும் இல்ல. அன்னைக்கு நாந்தேன் ஜெயிச்சேன். சவரி அண்ணன் மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு பேர்லயே ஓடுங்க, நல்ல ஓட்டக்காரரு." என் உறையைச் சட்டைப்பையில் வைத்தார். "டீச்சரம்மாவ நான் மன்னிக்கல. எல்லாரும் தட்டுறதப் பாத்தா மன்னிச்சுட்டேன்னு ஆயிருமோன்னு இருந்துச்சு. அதான் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

இறங்கிவிட்டார். தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மூன்று பேர் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். கலெக்டர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அத்தனை பேருக்கு நடுவில் எனக்கு மட்டும் மூச்சு நன்றாக வந்தது. என் விடைத்தாளைச் சரியாகத் திருத்தியவர் அவர் ஒருவர்தான்.

கழகத்தின் கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நிழற்குடையின் அந்த முனையில் அவர் நின்றார், இந்த முனையில் நான். நடுவில் ஒரு பெண் பூக்கூடையை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கம் திரும்பி, "மன்னிச்சிருங்க" என்றேன். இந்த ஒரு சொல்லைத்தான் அந்த ஒன்றரைப் பக்கத்தில் நான் எங்கும் எழுதவில்லை.

"கேட்டுச்சு" என்றார், சாலையைப் பார்த்தபடி.

 அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இருபது நிமிடம் அப்படியே நின்றோம். பூக்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

மத்தியப் பேருந்து நிலையம் போகும் வண்டி வந்தது. அவர் ஏறினார். சன்னலோர இடம் காலியாக இருந்தும் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். வண்டி திருப்பத்தில் மறையும்வரை நின்றிருந்துவிட்டு, வீட்டுக்கு நடந்தே வந்தேன்.